அரிசிப் பானைக்குள் ஒரு மாத்திரை அட்டை

பட்டுக்கோட்டை

அன்புள்ள தேனு,

இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இளைத்துவிட்டாய், ராத்திரியில் தூக்கமும் இல்லை என்று உன் அம்மா போனில் அழுதாள். "மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாதுக்கா, அவ சொல்லலையாம்" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் பெரியப்பா 1988-இல் தம்மாமுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. யாராவது ஊருக்கு வந்தால் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். எல்லாக் கேசட்டிலும் "நான் நல்லா இருக்கேன்". நானும் அதையேதான் எழுதினேன், ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை ஆரம்பித்த வாரத்திலும்கூட. 1994-இல் லீவில் வந்தபோது காலில் ஒரு புண் ஆறவே இல்லை. சர்க்கரை எத்தனை வருஷமா என்று டாக்டர் கேட்டார். "நாலு வருஷம்" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குக் கோபப்பட வாயில்லை. என் மாத்திரை அட்டையும் அரிசிப் பானைக்குள்தானே கிடந்தது!

பிரிவில் உடம்பு படுகிற பாட்டுக்கு வள்ளுவர் தனித்தனி அதிகாரமே வைத்திருக்கிறார்: கண்ணுக்கு ஒன்று, பசலைக்கு ஒன்று, உறுப்புகள் வாடுவதற்கு ஒன்று. பரீட்சைக்குப் படித்தபோது கவிதை அலங்காரம் என்று நினைத்தேன்.

உனக்கு வசதி அதிகம். இங்கே ஒன்பது மணி என்றால் துபாயில் மாப்பிள்ளைக்கு ஏழரை. முகம் பார்த்தே பேசலாம். ஆனால் வீடியோவில் காலில் இருக்கிற புண் தெரியாது. "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் "ஆச்சு" என்பார். என்ன சாப்பிட்டார் என்று கேள். வெறும் குப்பூஸும் டீயுமாக இருக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் உண்டு. மற்ற நேரமெல்லாம் வெயில்தானே? எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா என்று கேட்கக் கூச்சப்படாதே. புருஷனிடம் கேட்காமல் யாரிடம் கேட்பாய்? நடுராத்திரிப் பேச்சை மட்டும் விட்டுவிடு. விடிகாலையில் அவர் கேம்ப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று. லீவில் வந்தால் முதல் பத்து நாள் இருவருக்கும் ஒத்துப்போகாது. அவர் தனியாக இருந்து பழகியவர், நீ தனியாக முடிவெடுத்துப் பழகியவள். அன்பு குறைந்துபோச்சு என்று நினைத்து நான் ஒரு லீவையே அழுது தீர்த்தேன்.

சனிக்கிழமை பஸ் ஏறி வா. ரத்தப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன், தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ரிசல்ட்டை முதலில் மாப்பிள்ளைக்கு அனுப்பு, பிறகு எனக்குக் காட்டு.

உன் பெரியம்மா