பிரிட்டன் பப்பில் கவனிப்பு சரியில்லையா?

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போகிற நம்மவர்கள் பப்பில் மேஜையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டு, 'யாரும் கண்டுகொள்ளவே இல்லை' என்று மனம் நொந்து போவதுண்டு. பெரும்பாலான பப்களில் ஆர்டர் எடுக்க மேஜைக்கு வரமாட்டார்கள். நாம்தான் பார் கவுன்டருக்குப் போய்க் கேட்டு, பணம் கட்டி வாங்க வேண்டும். கை தட்டி அழைப்பதும் நோட்டை ஆட்டுவதும் வேண்டாம். ஊழியர் கண்ணில் படும்படி நில்லுங்கள். பின்னால் வந்தவருக்கு முதலில் ஊற்றப் போனால், "அடுத்து நான்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அளவில் ஏமாற வேண்டாம். ஒரு பைன்ட் என்பது 568 மி.லி. கிளாஸில் கோடு போட்டிருந்தால் பீர் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே. கோடில்லாத கிளாஸில் நுரைக்கும் கொஞ்சம் இடமுண்டு. அதிகமாகத் தெரிந்தால் 'டாப் அப்' கேளுங்கள். அங்கே அது சர்வசாதாரணம். விஸ்கி, ஜின், ரம், வோட்கா 25 அல்லது 35 மி.லி. கணக்கு, எது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம்.

சாப்பாடு ஆறிப்போய் வந்தால் தட்டைக் காலி செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள். பில்லில் விருப்பத்தின்பேரில் தரும் சர்வீஸ் சார்ஜைச் சேர்த்திருந்தால், எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மேனேஜரும் கேட்காவிட்டால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பை அணுகுங்கள்.