கத்தரிக்கோலால் ஓவியம் தீட்டியவர்



ஓவியம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன தூரிகையும் வண்ணக் கிண்ணமுமே ஆகும். ஆயினும், முதுமையில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கத்தரிக்கோலையும் வண்ணந்தீட்டிய தாள்களையும் கொண்டே உலகம் போற்றும் ஓவியங்களைப் படைத்த பெருங்கலைஞர் ஒருவர் வாழ்ந்திருந்தார். அவர்தாம் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன்றி மத்தீஸ். ஓவியத்திற்குரிய கருத்துகளை அவர் எங்கிருந்து பெற்றார், அவற்றை எவ்வாறு உருவாக்கினார் என்பவற்றை அறிவது ஓவியப் பாடத்திற்கு மட்டுமன்றி, எந்தத் தொழிலைக் கற்பதற்கும் துணைசெய்யும்.

நெசவூரில் வளர்ந்த பிள்ளை

மத்தீஸ் 1869ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள் பிரான்சின் வடபகுதியில் பிறந்தார். அவர் வளர்ந்த பொஹேன் என்னும் ஊர் நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள நெசவாளர்கள் விலையுயர்ந்த பட்டுத் துணிகளை வண்ண வேலைப்பாடுகளுடன் நெய்து வந்தனர். தந்தையார் தானிய வணிகர். மகன் சட்டம் பயின்று நல்ல உத்தியோகத்தில் அமரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகனும் அவ்வாறே சட்டம் பயின்று, வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார்.

ஏறத்தாழ இருபது வயதில் அவர் குடல்வால் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். பொழுது போகட்டும் என்று தாயார் ஒரு வண்ணப் பெட்டியை வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிறு பெட்டியே அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிவிட்டது. தந்தையாரின் மனம் ஒப்பாதபோதும், 1891ஆம் ஆண்டில் அவர் ஓவியம் கற்கப் பாரிசு மாநகருக்குச் சென்றார். அரசுக் கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் முதலில் தோல்வியே கிடைத்தது. அவர் மனந்தளரவில்லை. கஸ்தாவ் மொரோ என்னும் ஆசிரியரின் ஓவியக் கூடத்தில் இடம்பெற்றுப் பயின்றார். லூவர் அருங்காட்சியகத்திற்குச் சென்று, பழைய ஓவியர்களின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கைத்திறனை வளர்த்துக்கொண்டார்.

கருத்துகள் பிறந்த இடங்கள்

கலைஞனுக்குக் கருத்து வானத்திலிருந்து வந்து விழுவதில்லை. கண்ணாலும் மனத்தாலும் தேடிச் சேர்ப்பவனுக்கே அது கிடைக்கிறது. மத்தீசுக்குக் கருத்தளித்தவை பல. முதலாவது, பிள்ளைப் பருவத்தில் கண்ட நெசவுத் துணிகள். அவர் வாழ்நாள் முழுவதும் பல நாட்டுத் துணிகளையும் திரைகளையும் விரிப்புகளையும் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய ஓவியங்களில் மேசை விரிப்பும் சுவரும் பூவேலைப்பாடுகளால் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, தமக்கு முன்னிருந்த ஓவியர்கள். வறுமையில் வாடிய காலத்திலேயே, 1899இல், செசான் என்னும் ஓவியர் தீட்டிய சிறு ஓவியம் ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். அதனை 37 ஆண்டுகள் தம்மிடமே வைத்திருந்து, 1936இல் பாரிசு நகர அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளித்தார்.

மூன்றாவது, பயணம். 1905ஆம் ஆண்டுக் கோடையில் தென்கடற்கரையிலுள்ள கொலியூர் என்னும் மீன்பிடி ஊரில் தங்கி, அங்குள்ள வெயிலின் ஒளியைத் துணிந்த நிறங்களால் தீட்டினார். அவ்வாண்டு பாரிசில் நடைபெற்ற கண்காட்சியில் அவற்றைக் கண்ட திறனாய்வாளர் ஒருவர், அவரையும் அவருடைய நண்பர்களையும் 'காட்டு விலங்குகள்' என்று குறிப்பிட்டார். இகழ்ச்சியாக வந்த பெயரே பின்னர் அக்குழுவின் வரலாற்றுப் பெயராயிற்று. 1912, 1913ஆம் ஆண்டுகளில் மொராக்கோ நாட்டையும், 1930இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள தகித்தித் தீவையும் கண்டு வந்தார். தீவுக் கடலின் தெளிந்த நீரில் நீந்தி, மீன்களையும் பவளங்களையும் கண்டு மகிழ்ந்தார்.

ஒட்டுச் சித்திரம் என்பது யாது?

தாள், துணி முதலியவற்றை வெட்டியோ கிழித்தோ ஒரு பரப்பின்மீது ஒட்டி உருவாக்கும் படத்தைக் கொலாஜ் என்பர். இது 'ஒட்டுதல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் அதனை ஒட்டுச் சித்திரம் எனலாம். 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, பிராக் என்னும் இரு ஓவியர்கள் செய்தித்தாள், சுவர்த்தாள் ஆகியவற்றின் துண்டுகளைத் தம் ஓவியங்களில் ஒட்டி, இம்முறைக்கு உயர்கலையில் இடம் பெற்றுத் தந்தனர்.

மத்தீசின் முறை இதனின்றும் சற்று வேறுபட்டது. பிறர் அச்சிட்ட தாளை அவர் பயன்படுத்தவில்லை. வெள்ளைத் தாளில் தாம் விரும்பிய வண்ணத்தைப் பூசச் செய்து, அதன்பின்னரே வெட்டினார். ஆகவே, அவருடைய படைப்பில் வண்ண ஓவியமும் ஒட்டுச் சித்திரமும் ஒன்றாகக் கலந்தன.

முதலில் இது அவருக்கு ஓர் உதவிக் கருவியாகவே இருந்தது. 1930இல் அமெரிக்காவிலுள்ள பார்ன்ஸ் கலைக்கூடம் ஒரு பெரிய சுவரோவியத்தை அவரிடம் வேண்டியது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் அவ்வளவு பெரிய பரப்பை அழித்துத் தீட்டுவது அரிது. எனவே, வண்ணத் தாள்களை வெட்டிப் பரப்பின்மீது பொருத்தி, வேண்டியவாறு நகர்த்திப் பார்த்தார். இடையில் அளவு தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது தெரியவரவே, மீண்டும் தொடக்கத்திலிருந்து உழைத்து, 1933இல் வேலையை முடித்துக் கொடுத்தார்.

நோயும் புதிய வழியும்

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது நம் பழமொழி. உடல் நலம் இருந்தால்தான் செயல் நடக்கும் என்பது அதன் கருத்து. மத்தீசின் வாழ்வில் அந்தச் சுவரே இடிந்தது. 1941ஆம் ஆண்டில், 71ஆம் வயதில், குடற்புற்று நோய்க்காக அவருக்குக் கடினமான அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால், முன்போல் நீண்ட நேரம் நின்று தீட்டும் வலிமை இல்லை. பெரும்பாலும் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலுமே காலம் கழிந்தது.

மற்றவராயின் ஓய்வு கொண்டிருப்பர். அவரோ முன்பு உதவிக் கருவியாக இருந்த கத்தரிக்கோலை முதன்மைக் கருவியாக்கிக்கொண்டார். உட்கார்ந்தபடியே தாளை வெட்டலாம் அல்லவா? நீண்ட கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, படுக்கையிலிருந்தே சுவரில் வரைந்ததும் உண்டு. எஞ்சிய 13 ஆண்டுகளைத் தமக்குக் கிடைத்த இரண்டாம் வாழ்வாகவே அவர் கருதினார்.

அவர் பணியாற்றிய முறை

அம்முறையை நான்கு படிகளாகப் பிரித்துக் காணலாம்.

முதற்படி, வண்ணம் பூசுதல். உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் ஒளி ஊடுருவாத அடர்ந்த நீர்வண்ணத்தைப் பூசி உலர வைப்பர்.

இரண்டாம் படி, வெட்டுதல். மத்தீஸ் பெரும்பாலும் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வதில்லை. பெரிய கத்தரிக்கோலைக் கொண்டு நேராக வண்ணத்திலேயே வெட்டுவார். சாதாரண ஓவியத்தில் முதலில் கோடு, பிறகு நிறம். இங்கே கோடும் நிறமும் ஒரே செயலில் பிறக்கின்றன. தோட்டத்தில் பால்மரம் சீவுவோர் இதனை எளிதில் உணர்வர். பட்டை போதிய ஆழத்தில் சீவப்படவேண்டும். உள்மரத்தில் காயம் படக்கூடாது. கத்தி தயங்கினால் வெட்டு கெடும். அத்தகைய கைத்திறன் ஒரு நாளில் வருவதன்று. மத்தீசின் கத்தரிக்கோலுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு ஓவியப் பயிற்சி இருந்தது.

மூன்றாம் படி, அமைத்தல். வெட்டிய உருவங்களை உதவியாளர்கள் சிறு ஊசிகளால் சுவரில் குத்தி வைப்பர். ஓவியர் நாற்காலியில் அமர்ந்து நோக்கி, "சற்று மேலே", "சற்று இடப்பக்கம்" என்று கூற, உருவங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். உருவத்திற்கும் உருவத்திற்கும் நடுவேயுள்ள வெற்றிடமும் ஓர் உருவமே என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

நான்காம் படி, ஒட்டுதல். மனம் முழுநிறைவு அடைந்த பின்னரே, உருவங்களின் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை நிலையாக ஒட்டச் செய்வர்.

சில படைப்புகள்

1946இல் பாரிசிலுள்ள தம் வீட்டுச் சுவரில் இருந்த ஒரு கறையை மறைக்க, வெள்ளைத் தாளில் ஒரு பறவையை வெட்டிப் பொருத்தினார். அதன் அருகில் இன்னொன்று, பிறகு மீன், பவளம், கடற்பாசி எனச் சுவர் முழுதும் நிறைந்தது. 16 ஆண்டுகளுக்கு முன் தகித்தித் தீவில் கண்ட காட்சிகளே அவ்வாறு வெளிவந்தன. கண் கண்டதை மனம் எவ்வளவு காலம் காத்து வைத்திருக்கிறது, பாருங்கள்!

1947இல் 'ஜாஸ்' என்னும் நூல் 20 வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. 1948 முதல் 1951 வரை, வான்ஸ் என்னும் ஊரில் ஒரு சிறு தேவாலயத்தை அவரே வடிவமைத்தார். மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறக் கண்ணாடிகளைக் கொண்ட அதன் சாளரங்களுக்கும் வெட்டிய தாள்களே மாதிரியாயின.

1952ஆம் ஆண்டுக் கோடையில், நீரில் பாய்வோரைக் காண விரும்பி ஒரு நீச்சல் குளத்திற்குச் சென்றார். வெயிலின் கொடுமையைத் தாங்க இயலாமல் திரும்பிவிட்டார். உடனே, தமக்கென ஒரு குளத்தைத் தாமே படைத்துக்கொள்ள முனைந்தார். உணவறைச் சுவரைச் சுற்றி வெள்ளைத் தாளை ஒட்டி, அதன்மேல் நீந்துவோர், மீன்கள் ஆகிய நீல உருவங்களைப் பொருத்தினார். ஏறக்குறைய 16 மீட்டர் நீளமுள்ள அப்படைப்பு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1953இல் செய்த 'நத்தை', வண்ணத் துண்டுகள் சுழன்று செல்வதுபோல் அமைந்தது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3 மீட்டர் அளவுடைய அதனை இலண்டன் டேட் கலைக்கூடம் 1962இல் வாங்கியது.

வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. படகையும் நீரில் தெரியும் அதன் நிழலையும் காட்டும் அவருடைய சித்திரம் ஒன்று, 1961இல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் 47 நாள்கள் தலைகீழாகத் தொங்கியது! ஆயிரக்கணக்கானோர் பார்த்தும் கவனிக்காததை, கூர்ந்து நோக்கிய பார்வையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். கண் இருப்பது வேறு, காண்பது வேறு என்பதற்கு இதுவே சான்று.

மத்தீஸ் 1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், 84ஆம் வயதில் காலமானார்.

நாமும் செய்து பார்ப்போம்

தாளை வெட்டி ஒட்டும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. கிளந்தானின் வாவ் பூலான் பட்டத்தைப் பாருங்கள். பூவும் கொடியுமாக வெட்டிய பளபளப்புத் தாள்களை அடுக்கி ஒட்டி அழகு செய்கின்றனர். நீங்கள் விரும்பிப் படிக்கும் பசிகொண்ட கம்பளிப்புழுக் கதையின் படங்களும் இவ்வகையினவே. 1969இல் வெளிவந்த அந்நூலுக்கு, எரிக் கார்ல் மெல்லிய தாள்களில் வண்ணந்தீட்டி, வெட்டி, ஒட்டிப் படங்களை அமைத்தார்.

மாணவர்களே, விடுமுறையில் இதனைச் செய்யுங்கள். ஒரு பால்மர இலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருப்பதைக் காண்பீர்கள். இலை உதிரும் பருவத்தில் அது பச்சையிலிருந்து மஞ்சளாய், செம்மையாய் மாறுவதைக் கவனியுங்கள். ஒருபுறம் எழுதித் தீர்ந்த தாள்களின் மறுபுறத்தில் அந்நிறங்களைப் பூசி உலர்த்துங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோலால், கோடு போடாமல், இலையை மட்டும் பார்த்து வெட்டுங்கள். முதல் ஐந்தாறு இலைகள் கோணலாகவே அமையும், எறிந்துவிடாதீர்கள். அவற்றையும், வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளையும் ஒரு பெரிய தாளின்மீது பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, மறுநாளும் அழகாகத் தோன்றினால் மட்டும் ஒட்டுங்கள். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையே போதும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

படம் வரையும் பிள்ளையைப் பார்த்து, "இது சோறு போடுமா?" என்று கேட்பது பல வீடுகளில் வழக்கம். உழைத்துக் களைத்த உள்ளத்தின் கவலை அது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. மத்தீசின் தந்தையாரும் அவ்வாறே கவலைப்பட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஓவியராகப் போவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும், கூர்ந்து நோக்குதல், அளவறிந்து வெட்டுதல், ஒட்டுமுன் ஒன்றுக்குப் பலமுறை ஆராய்தல், ஒரு வழி அடைபட்டால் மறுவழி காணுதல் ஆகிய நற்பழக்கங்களை இக்கலை பயிற்றுகிறது. இவை கணிதத்திற்கும் வேண்டும், தையலுக்கும் வேண்டும், தச்சுக்கும் வேண்டும், நோயும் துன்பமும் வருகின்றபோது வாழ்க்கைக்கும் வேண்டும்.

ஒரு வண்ணப் பெட்டியின் விலை சில வெள்ளிகளே. அதனை வாங்கிக் கொடுக்கும்பொழுது நம் பிள்ளை என்னவாக வளரும் என்று யாராலும் சொல்ல இயலாது. வாங்கிக் கொடுங்கள். பிள்ளை வரைந்ததை வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். அதனை நாள்தோறும் காணும் பிள்ளையின் கை, மறுநாள் இன்னும் செம்மையாக வரையும்.

வாழ்க கலை! வளர்க நம் மாணவர் கைத்திறன்!