அஞ்சாமை என்பது அடிப்பதல்ல



ஞாயிறு வகுப்பில் ஒரு நாள், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து என்னிடம் கேட்டான்: "ஐயா, ஒருத்தன் நம்மள தினமும் அடிச்சா, திருப்பி அடிக்கலாமா?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். கேள்வி பொதுவானதல்ல, அவனுடையதே என்று எனக்குப் புரிந்தது.

"தைரியமாய் இரு" என்று சொல்லி உட்காரவைப்பது எளிது. தைரியம் எங்கிருந்து வரும் என்று காட்டாமல் அப்படிச் சொல்வது, நீந்தத் தெரியாத பிள்ளையை ஆற்றில் இறக்கிவிட்டு நீந்து என்பதைப் போன்றது. ஆகவே அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, என் சொந்தக் கதையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

அரிசிப் பானையில் இருந்த காசு

1972ஆம் ஆண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா பால்மரம் வெட்டி என்னையும் தம்பியையும் வளர்த்தார். பள்ளி ஓய்வு நேரத்துக்கென்று தினமும் 20 காசு தருவார்.

அந்தப் பள்ளியில் மூன்றாம் படிவத்து மாணவன் ஒருவன் இருந்தான். முதலில் பத்துக் காசு கடன் கேட்டான். பிறகு இருபதையும் கேட்டான். பிறகு கேட்கவே இல்லை. கையை நீட்டினான், நான் கொடுத்தேன். ஒரு நாள் கொடுக்க மறுத்தபோது என் புத்தகப் பையைக் கால்வாயில் வீசினான். சிற்றுண்டிச்சாலையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள், "நாளைக்கு ஒரு வெள்ளி கொண்டு வா" என்றான். அன்று மாலை, அரிசிப் பானைக்குள் அம்மா முடிந்து வைத்திருந்த காசிலிருந்து ஒரு வெள்ளியை எடுத்தேன்.

இரண்டு நாளில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இருவரையும் நிறுத்திக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன். தம்பி அன்று எங்கோ ஐஸ் வாங்கித் தின்று, சட்டையில் சாயத்தோடு வந்திருந்தான். பக்கத்து வீட்டு அக்காள் வாங்கிக் கொடுத்தது என்று அவன் சொன்னதை அம்மா நம்பவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. "நான் எடுக்கலம்மா, நான் எடுக்கலம்மா" என்று அலற அலற அடி விழுந்தது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிற்றுண்டிச்சாலையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் எனக்கும் அப்போது என்ன வேறுபாடு? இந்தக் கேள்வி அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை.

விடியற்காலை நாலு மணி

அம்மா பிரட்டுக்குப் போக நாலு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுவார். நான் எழுந்து போய் அடுப்பருகில் நின்றேன். தொண்டை அடைத்தது. "அம்மா, காசை எடுத்தது நான்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. முதலில் போய்த் தம்பியை எழுப்பி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவனுக்குப் பயந்தது தப்பில்லடா. என்கிட்ட மறைச்சதுதான் தப்பு. உன்னைக் கேட்டுப் பார்க்காம சின்னவன அடிச்சது என் தப்பு."

அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் சம்பளம் போனது. என்னோடு பஸ் ஏறிப் பள்ளிக்கு வந்தார். அவருக்கு மலாய் சரியாகப் பேச வராது. ஆயினும் என் வகுப்பாசிரியர் முன் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே சொல்லு" என்றார். நான் சொன்னேன். ஆசிரியர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அதோடு முடிந்துவிடவில்லை. அடுத்த வாரம் அவன் என் சட்டையைப் பிடித்து, "சொல்லிக் கொடுத்தியா?" என்றான். என் கால்கள் நடுங்கின. ஆனால் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இது எங்கம்மா மரம் வெட்டின காசு. தரமாட்டேன்."

அப்போது எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன், அதுவரை எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவன், சாப்பிட்டுக்கொண்டிருந்த மீயை மேசைமேல் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். ஒன்றும் பேசவில்லை, நின்றான், அவ்வளவுதான். பிறகு இன்னும் இருவர் வந்தார்கள். அவன் சுற்றிலும் பார்த்தான். சட்டையை விட்டான்.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. காசும் திரும்பி வரவில்லை. ஆனால் மறுபடி அவன் கை என் முன் நீளவும் இல்லை. அவன் வீட்டிலும் அடி வாங்குகிறவன், ஓய்வு நேரத்துக்குக் காசே இல்லாமல் வருகிறவன் என்பது பின்னாளில் தெரிந்தது. அது அவன் செய்ததைச் சரியாக்கிவிடாது. ஆனால் அவனுக்கும் ஒரு பெரியவரின் உதவி தேவைப்பட்டிருந்தது.

இதில் உள்ள பாடம்

பகடிவதை என்பது பிள்ளைகளின் விளையாட்டுச் சண்டையல்ல. சுவீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய டான் ஒல்வேயுஸ் என்ற உளவியல் அறிஞர் 1970களிலிருந்தே இதை ஆராய்ந்தவர். அவர் காட்டிய அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே துன்புறுத்துவது, மீண்டும் மீண்டும் நடப்பது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதிருப்பது. மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். பலம் சமமில்லாத இடத்தில், "நீயும் திருப்பி அடி" என்பது பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது அறியாமை என்பது வள்ளுவர் கருத்து. எனவே பயப்படும் பிள்ளையைக் கோழை என்று சொல்லாதீர்கள். அருளுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளிலோ அவர் வலியவனைப் பார்த்துப் பேசுகிறார். தன்னிலும் மெலிந்தவன்மேல் பாயும்போது, தன்னிலும் வலியவன் முன் தான் நிற்கும் நிலையை எண்ணிப் பார் என்கிறார். வீட்டில் அடிபட்டு வந்து பள்ளியில் அடிப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை.

பிரகலாதன் கதையை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவார்கள். அந்தச் சிறுவன் தந்தைமேல் கை ஓங்கவே இல்லை என்பதை எடுத்துச் சொல்லுங்கள். உண்மை எது என்று கேட்டபோதெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதுவே அவன் வீரம்.

பார்த்து நிற்பவர்களுக்கு

கனடாவில் ஆய்வாளர்கள் பள்ளித் திடல்களில் பகடிவதைச் சம்பவங்களை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 88 சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். தடுக்க முன்வந்ததோ 19 சம்பவங்களில்தான். ஆனால் அப்படி முன்வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் பத்தே விநாடிகளுக்குள் கொடுமை நின்றுவிட்டது. அந்த மீத் தட்டை வைத்துவிட்டு வந்த நண்பனின் அருமை, இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. சண்டை போட வேண்டாம், பக்கத்தில் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் ஓடிப்போய் ஓர் ஆசிரியரை அழைத்து வாருங்கள்.

பெற்றோர்களுக்கு

பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால், காலையில் வயிற்றுவலி என்றால், காசும் பொருளும் அடிக்கடி காணாமற்போனால், கைத்தொலைபேசியைப் பார்த்ததும் முகம் வாடினால், முதலில் கோபப்படாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். இன்று அந்தக் கொடுமை வாட்ஸ்அப் வழியாகப் படுக்கையறைக்கே வந்துவிடுகிறது. வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். நாள், இடம், நடந்தது ஆகியவற்றை எழுதி வைத்துப் பள்ளியில் கொடுங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இணையத் தொல்லைகளுக்கும் பொருந்தும். மலேசியாவில் 2025இல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மலேசியப் பிள்ளைகள் 15999 என்ற தாலியான் காசே எண்ணையும், சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 1800-2744-788 என்ற டிங்கிள் பிரண்ட் எண்ணையும் அழைத்துப் பேசலாம்.

நிறைவாக

அந்தச் சிறுவன் வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. பாய்களைச் சுருட்டுவதுபோல் என் அருகிலேயே நின்றான். "ஐயா, எங்கம்மாகிட்ட நான் சொல்லும்போது நீங்களும் கூட இருப்பீங்களா?" என்றான். இருந்தேன். மறுநாள் அவன் தாயார் பள்ளிக்குப் போனார். அவனுடைய போராட்டம் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. ஆனால் இப்போது அவன் தலை குனிந்து உட்காருவதில்லை.

சிந்தனைக்குச் சில கேள்விகள். குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்:

1. எனக்கு ஒரு துன்பம் என்றால் நான் முதலில் யாரிடம் சொல்வேன்?
2. இன்னொருவர் துன்பப்படுவதைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்தது உண்டா?
3. என் பிள்ளை என்னிடம் உண்மையைச் சொல்லப் பயப்படும்படி நான் நடந்துகொள்கிறேனா?

மூன்றாவது கேள்வி பெரியவர்களுக்கு. பிள்ளையின் தைரியம் பள்ளித் திடலில் பிறப்பதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு, அடுப்படியில், அடிக்காமல் காது கொடுத்துக் கேட்கும் ஒருவரிடமிருந்தே அது பிறக்கிறது.