திவாரியின் வாக்குமூலம்

தொண்டைமானாறு

அன்புள்ள பெறாமகளுக்கு,

தூத்நாத் திவாரியை நன்றிகெட்ட துரோகி என்று எழுதியிருக்கிறாய். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லோடு அவனை விட்டுவிட்டால் நட்டம் நமக்குத்தான். 1857 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக ஆயுள் தண்டனை பெற்று, நம் கரையைத் தொடும் இதே வங்கக் கடலின் கிழக்கே, அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்ட சிப்பாய் அவன். 1858 ஏப்ரலில் அங்குள்ள ரோஸ் தீவிலிருந்து அவனும் வேறு கைதிகளும் கூட்டமாகத் தப்பினார்கள். அந்தமானியரின் அம்புகளுக்குப் பலர் பலியாக, காயப்பட்ட திவாரி உயிர்ப்பிச்சை பெற்றான். ஓராண்டு தம்மோடு வைத்திருந்து பெண்ணும் கொடுத்தார்கள். 1859 மே மாதம் அவர்கள் ஆங்கிலேயரின் கைதிக் குடியேற்றத்தைத் தாக்கப் புறப்பட்டபோது, முந்திக்கொண்டு வந்து அத்தியட்சகர் வோக்கரிடம் அவன் சேதி சொன்னான். அபர்டீன் சண்டையில் துப்பாக்கிகளுக்கு முன் வில்லும் அம்பும் நிற்கவில்லை. 1860இல் அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. கருவுற்றிருந்த மனைவி லீப்பா காட்டிலேயே விடப்பட்டாள்.

இவற்றில் பெரும்பகுதி அவனே அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலம். மன்னிப்புக்கு ஏங்கிய கைதி, கேட்பவருக்குப் பிடித்ததைத்தானே சொல்லியிருப்பான் என்று நீ கேட்கலாம். நியாயம், அந்தமானியரோடு நெடுங்காலம் பழகிய அதிகாரி போர்ட்மனும் அதை முழுதாக நம்பவில்லை. ஆனாலும் தள்ளிவிடாதே, சொல்பவனுக்கு ஆதாயமில்லாத இடங்களைத் தேடிப் பார். அவர்கள் காட்டுமிராண்டிகள் என்று சொல்வது அவனுக்கும் வசதி, கேட்டவர்களுக்கும் வசதி. ஆனால் அவர்கள் தன்னை வாழவைத்ததை அவனால் மறைக்க முடியவில்லை. ஓராண்டுக்குப் பின் உயிரோடு திரும்பி வந்த உடம்பே அதற்குச் சாட்சி. தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில் 1803இல் தப்பியோடிய கைதி வில்லியம் பக்லியும் இப்படித்தான், வாதவுரங் பழங்குடி மக்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்தே 1835இல் வெளியே வந்தான்.

சக கைதிகளின் உயிரைக் காத்தானே என்றும் வாதிடலாம். உண்மைதான், காடு வெட்ட அனுப்பப்பட்ட அந்த அப்பாவிகள்தான் அம்புக்கு முதலில் இரையானார்கள். வெட்டப்பட்ட காடு யாருடையது என்பதை மட்டும் அங்கே எவரும் கேட்கவில்லை. அதனால்தான் பழி முழுவதையும் திவாரியின் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் வாய் திறக்காதிருந்தாலும் கப்பல்கள் வந்துகொண்டேயிருந்திருக்கும். குடியேற்றத்தோடு வந்த நோய்கள் துப்பாக்கியைவிட அதிகம் கொன்றன. 1877இல் பரவிய சின்னமுத்து அவற்றில் மிகக் கொடியது. அம்மக்களான பெரும் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961இல் 19 பேர்.

அன்புடன்,
பெரியப்பா