‘அப்டேட் எதுவும் இல்லை’ என்றால் ஆபத்தும் இல்லையா?

அருப்புக்கோட்டை டிடிபி கடைகளிலும் திருச்சுழிப் பக்கத்து டியூஷன் சென்டர்களிலும் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "டெபியன்தான் அண்ணாச்சி ஓடுது. கொஞ்சம் பழசு. ஆனா அப்டேட் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிருச்சு. எல்லாம் பக்கா!" கேட்கிற ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் வருகிறது. ஓட்டை இல்லாததால் கணினி அப்படிச் சொல்லவில்லை ஐயா, அடைக்க ஆள் இல்லாததால் சொல்கிறது.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முதல் 3 ஆண்டு அதன் பாதுகாப்புக் குழுவே திருத்தங்கள் தரும். அடுத்த 2 ஆண்டு எல்டிஎஸ் என்ற தனிக் குழு பார்த்துக்கொள்ளும். அதோடு சரி. 2019 ஜூலையில் வந்த டெபியன் 10-க்கு 2024 ஜூன் 30-உடன் கணக்கு முடிந்துவிட்டது. இப்படி முடிந்த வெளியீட்டின் மென்பொருள்களைச் சில காலம் கழித்துப் பழைய சரக்குக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். பழைய முகவரியில் தேடினால் பிழைச் செய்தி வரும். அப்போது நம்மூர் சர்வீஸ்காரர் என்ன செய்கிறார்? சோர்சஸ் லிஸ்ட் கோப்பைத் திறந்து கிடங்கின் முகவரியைப் போடுகிறார். ‘இந்தப் பட்டியல் காலாவதியானது’ என்று, மென்பொருளை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவி முரண்டுபிடித்தால், தேதியைச் சரிபார்க்காதே என்று ஒரு வரி சேர்த்து அதன் வாயையும் கட்டிவிடுகிறார். பிறகு எப்போது கேட்டாலும் ‘மேம்படுத்த எதுவும் இல்லை’ என்ற பதில்தான் வரும். கிடங்கில் புதுச் சரக்கு இறங்காது. வேறென்ன பதில் வரும்?

2021 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் சுடோ கருவியில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. எந்த அதிகாரமும் தரப்படாத சாதாரணப் பயனர்கூட அதன் வழியே முழு நிர்வாகி ஆகிவிடலாம். 2011 ஜூலையிலிருந்தே அது அங்கே கிடந்திருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை. ‘பழைய மென்பொருளில் ஓட்டையெல்லாம் எப்பவோ அடைச்சிருப்பாங்க’ என்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். டெபியன் 9 அப்போது எல்டிஎஸ் கவனிப்பில் இருந்தது; திருத்தம் உடனே வந்தது. டெபியன் 8-க்கு 2020 ஜூன் 30-உடன் எல்டிஎஸ் முடிந்திருந்தது. ஓட்டை அதிலும் உண்டு. தனியாகப் பணம் கட்டி நீட்டிப்பு வாங்கியவர்களைத் தவிர மற்றவர்களின் திரையில் வந்தது அதே வாசகம்தான்: மேம்படுத்த எதுவும் இல்லை!

லினக்ஸில் வைரஸ் வராது என்பார்கள். 2016-இல் இணையத்தையே திணறடித்த மிராய் என்ற தீநிரல், லினக்ஸ் ஓடும் கண்காணிப்புக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும்தான் புகுந்தது. கடை வாசலில் மாட்டியிருக்கும் கேமராவில் ஓடுவதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். இதற்கு மேல் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

‘ஓசியில் தருவதுதானே, யார் பொறுப்பு?’ என்பது இன்னொன்று. எல்டிஎஸ் 2014-இல் டெபியன் 6-க்காகத் தொடங்கியது. ஃப்ரெக்ஸியன் என்ற நிறுவனம் பல நிறுவனங்களிடம் பணம் திரட்டி, டெபியன் உருவாக்குநர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருகிறது. பணம் கட்டாதவருக்கும் அதே திருத்தம்தான். கண்மாய்க்குக் குடிமராமத்து செய்த கதைதான் இது: ஆயக்கட்டுக்காரர்கள் ஆள் அனுப்பாவிட்டால் கரை நிற்காது. பழைய ரெட் ஹேட், ஃபெடோரா லினக்ஸ் வெளியீடுகளைக் காப்பாற்ற 2003-இல் கிளம்பிய ஃபெடோரா லெகசி திட்டம், போதிய கைகள் சேராமல் 2006-இல் மூடப்பட்டது. ஆகவே ‘சமூகம் பார்த்துக்கொள்ளும், காலக்கெடுவே கிடையாது’ என்ற நம்பிக்கையையும் கைவிடுங்கள். எல்டிஎஸ் காலத்திலேயே எல்லா மென்பொருளுக்கும் கவனிப்பு உண்டு என்று நினைக்காதீர்கள். குரோமியம் உலாவிக்குக் கிடையாது. எதற்கு இல்லை என்று சொல்ல ‘டெபியன் செக்யூரிட்டி சப்போர்ட்’ என்ற சிறு மென்பொருளே இருக்கிறது. நிறுவிக்கொள்ளச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை.

என் பழைய குறை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. சென்னை சி-டாக், டெபியனை வைத்து உருவாக்கியது அது. மடிக்கணினியின் மூடியில் முதல்வர் படம் ஒட்ட இடம் இருந்தது. உள்ளே இருப்பதற்கு எந்தத் தேதி வரை திருத்தம் வரும் என்று ஒட்ட இடம் இல்லை. இனி அரசு வாங்கும் ஒவ்வொரு கணினியிலும் அந்தத் தேதி இருக்க வேண்டும். லினக்ஸ் இலவசம் என்பதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு எல்டிஎஸ்ஸுக்குப் போக வேண்டும்.

அரசு செய்கிறபோது செய்யட்டும். உங்கள் கணினியில் எந்த டெபியன் என்று இன்றே பாருங்கள். 11 என்றால் எல்டிஎஸ்ஸின் கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 31. 10 அல்லது அதற்கும் கீழே என்றால், கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, புது வெளியீட்டுக்கு மாறும் வரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.