மின்கம்பத்தில் ஒரு சமன்பாடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். பரீட்சையில் நேர்க்கோட்டின் வெட்டுத்துண்டு வடிவம் கேட்டிருந்தார்கள், சூத்திரம் மறந்துபோய் ஐந்து மார்க் போய்விட்டது என்று நேற்று போனில் சொன்னாய். உன் குரலே சரியில்லை. 'எக்ஸ் பை ஏ, ப்ளஸ் ஒய் பை பி, ஈக்குவல் டு ஒன்' என்று இருபது தடவை எழுதிப் பார்க்கப் போவதாகவும் சொன்னாய். வேண்டாம் கண்ணு. அந்த வரி என்ன சொல்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் பிறகு மறக்காது. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போது தினமும் அதை ஜன்னல் வழியே பார்க்கிறேன்.

தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக மின்கம்பங்கள் நிற்கின்றன அல்லவா? ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தகடு, அதில் மேலும் கீழுமாக இரண்டு எண்கள். கீழே இருப்பது கம்பத்தின் வரிசை எண். மேலே இருப்பது, அந்த இடம் சென்னையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்பது. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் சுமார் 69 கிலோமீட்டர், திருவள்ளூர் சுமார் 42. வண்டி சென்னையை நெருங்க நெருங்க மேல் எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். அதாவது, இன்னும் போகவேண்டிய தூரத்தைக் கம்பமே சொல்லிவிடுகிறது.

எங்கும் நிற்காமல், ஒரே வேகத்தில், 60 நிமிடத்தில் சென்ட்ரலுக்குப் போகும் வண்டி ஒன்றை மனதில் வைத்துக்கொள். வரைபடத்தாளில் கிடைக்கோட்டில் நிமிடத்தையும் செங்குத்துக் கோட்டில் கம்பத்தின் கிலோமீட்டரையும் குறி. புறப்படும்போது நிமிடம் 0, கிலோமீட்டர் 69. போய்ச் சேரும்போது நிமிடம் 60, கிலோமீட்டர் 0. இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் சரிந்து இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். அது அச்சுகளைத் தொடும் இடங்களான 60, 69 ஆகிய இரண்டும்தான் வெட்டுத்துண்டுகள். சமன்பாடு இது:

நிமிடம்/60 + கிலோமீட்டர்/69 = 1

இதைச் சூத்திரமாகப் பார்க்காமல் வாக்கியமாகப் படி. முதல் பின்னம், மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு கழிந்தது என்கிறது. இரண்டாவது, மொத்தத் தூரத்தில் எவ்வளவு பங்கு மிச்சம் என்கிறது. வேகம் மாறாத வண்டியில் நேரம் எந்தப் பங்கு கழிகிறதோ, தூரமும் அதே பங்குதான் கழியும். அதனால் கழிந்த பங்கும் மிஞ்சிய பங்கும் சேர்ந்தால் எப்போதும் முழுசு ஒன்று. 20 நிமிடம் ஆனால் மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிற்று. மூன்றில் இரண்டு பங்கு தூரம் பாக்கி, அதாவது 46 கிலோமீட்டர். திருவள்ளூர் எப்போது வரும்? 69-ல் 27 கழியவேண்டும். 27/69 × 60, கிட்டத்தட்ட இருபத்துமூன்றரை நிமிடம். வலப்பக்கம் ஏன் 1 என்று உனக்கு இனி யாரும் சொல்லவேண்டாம்.

பரீட்சையில் நிரூபிக்கச் சொன்னால் கோடு (ஏ, 0), (0, பி) என்ற புள்ளிகள் வழியே போகிறது, சாய்வு −பி/ஏ, ஆகவே ஒய் = −(பி/ஏ)எக்ஸ் + பி என்று எழுதி, எல்லாவற்றையும் பி-யால் வகுத்து, எக்ஸ் உள்ள உறுப்பை இடப்பக்கம் கொண்டுவந்துவிடு. இரண்டே வரி.

ரயில்தான் வேண்டுமென்பதில்லை. அப்பா ஆம்பூரில் தோல் கட்டிங்கில் இருக்கிறாரே, அவரிடமும் இதே கணக்கு உண்டு. 240 சதுர அடி தோல் இருக்கிறது, ஒரு ஜோடி ஷூவுக்கு 3 சதுர அடி, ஒரு பைக்கு 8 என்று கணக்குக்காக வைத்துக்கொள். ஷூ மட்டும் வெட்டினால் 80 ஜோடி, பை மட்டும் வெட்டினால் 30. ஷூ/80 + பை/30 = 1. நாற்பது ஜோடி ஷூ வெட்டியாயிற்று என்றால் பாதித் தோல் போயிற்று. மீதிப் பாதியில் 15 பை. இங்கே இரண்டு பின்னமும் தோலின் பங்குகள்.

நீ தடுமாறும் இடம் குறைக் குறி என்று நினைக்கிறேன். 2எக்ஸ் − 3ஒய் = 6 என்று வந்தால் முதலில் வலப்பக்கத்தை 1 ஆக்கு. ஆறால் வகுத்தால் எக்ஸ்/3 − ஒய்/2 = 1. உடனே 3, 2 என்று எழுதிவிடாதே. நடுவில் கூட்டல் இருக்கவேண்டும், ஆகவே கழித்தல் குறி கீழே 2-உடன் போய்ச் சேரும். ஒய் வெட்டுத்துண்டு −2. வெட்டுத்துண்டு என்பது வெறும் நீளம் அல்ல, எந்தப் பக்கம் என்பதும் அதில் உண்டு.

இன்னொன்று. மாலையில் நான் திரும்பும் வண்டிக்கு இந்த வடிவம் உதவாது. சென்ட்ரலில் கிளம்பும்போது நிமிடமும் 0, கிலோமீட்டரும் 0. கோடு ஆதிப்புள்ளி வழியே போகிறது. இரண்டு வெட்டுத்துண்டும் பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தால் எப்படி வகுப்பது? அங்கே சாய்வு வடிவத்தைத்தான் பிடிக்கவேண்டும். அச்சுக்கு இணையாகப் போகும் கோட்டுக்கும் இந்த வடிவம் உதவாது, ஓர் அச்சை அது தொடவே தொடாது.

நாம் வரைந்தது போன்ற படத்தை ரயில்வேயிலும் வரைகிறார்கள். ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் நேரம் ஒரு அச்சு, நிலையங்கள் ஒரு அச்சு என்று வைத்து, ஒவ்வொரு வண்டியையும் ஒரு கோடாக வரைவார்கள். முன்பெல்லாம் பென்சிலும் ஸ்கேலும் வைத்துக் கையால் வரைந்தது, இப்போது கணினியில் வருகிறது. வண்டி நிற்கும் இடத்தில் கோடு படுத்துக்கொள்ளும், கிளம்பினால் சரியும். எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். அரக்கோணம்–செங்கல்பட்டு போல நெடுங்காலம் ஒற்றைப் பாதையாக இருந்த தடத்தில், அந்த வெட்டும் புள்ளி ஏதாவது ஒரு நிலையத்தில்தான் விழவேண்டும். நடுவழியில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடி என்று உன் புத்தகத்தில் வரும் கணக்கு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வா, சென்னை போய் வருவோம். ஜன்னல் சீட் உனக்கு. வாட்சும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கம்பத்து எண்ணை நீ படி, நான் எழுதுகிறேன். நாம் ஏறுவது நின்று நின்று போகும் லோக்கல், கோடு நேராக வராது. எங்கெங்கே வளைகிறது என்று பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா
அரக்கோணம்