மலைநாட்டில் நகரும் வீடு

படுக்கை, அடுப்பு, கழிவறை ஆகியவை ஒரே வாகனத்துக்குள் அமைந்திருந்தால் அது நகரும் வீடாகிறது. இத்தகைய வாகனத்தை 'மோட்டார்ஹோம்' என்பர். ஐரோப்பாவில் பல குடும்பங்கள் கோடை விடுமுறையை இதில் கழிக்கின்றன. அவர்கள் விரும்பிச் செல்லும் நாடுகளுள் ஒன்று சுவிட்சர்லாந்து. அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் ஆல்ப்ஸ் மலைத்தொடர் பரவியுள்ளது. அங்கே பெரிய வாகனத்தை ஓட்டிச் செல்ல, முன்கூட்டியே திட்டமிடுவதும் விதிகளை அறிந்திருப்பதும் இன்றியமையாதவை.

புறப்படும் முன்

முதலில் வாகனத்தின் எடையை அறிய வேண்டும். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோகிராமுக்குள் இருந்தால், நெடுஞ்சாலையைப் பயன்படுத்த ஆண்டுக் கட்டணமாக 40 பிராங்க் செலுத்தினால் போதும். அதற்கு மேற்பட்ட எடையுள்ள வாகனங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நூறு லிட்டர் தண்ணீரின் எடை நூறு கிலோகிராம். எனவே, தண்ணீரையும் உணவுப் பொருள்களையும் கணக்கிட்டே ஏற்ற வேண்டும்.

அடுத்தது பருவம். 2,429 மீட்டர் உயரத்திலுள்ள ஃபுர்கா கணவாய் போன்ற உயர்ந்த மலைப்பாதைகள், பனிப்பொழிவால் குளிர்காலம் முழுவதும் மூடப்படும். அப்போது வாகனங்களை ரயிலில் ஏற்றி, மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாகக் கடக்கலாம். ஆனால், வாகனத்தின் உயரம் ரயிலுக்குப் பொருந்துமா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைச் சாலையில்

நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. சுவிட்சர்லாந்தில் வலப்புறம் செல்கின்றன. குறுகிய செங்குத்தான சாலையில் இரு வாகனங்கள் எதிரெதிரே வந்து, ஒன்று பின்வாங்க வேண்டிய நிலை ஏற்படலாம். அப்போது கீழ்நோக்கி வரும் வாகனமே பின்வாங்க வேண்டும். மேலேறும் வாகனத்துக்கு அருகிலேயே ஒதுங்க இடமிருந்தால் இவ்விதி மாறும்.

சில மலைச் சாலைகளில் நீல நிறப் பலகையில் மஞ்சள் நிற ஊதுகொம்பு வரையப்பட்டிருக்கும். அங்கே அஞ்சல் பேருந்து ஓட்டுநர் காட்டும் சைகைக்கு மற்ற ஓட்டுநர்கள் கட்டுப்பட வேண்டும். மலைக் கிராம மக்கள் பள்ளிக்கும் கடைக்கும் செல்ல அப்பேருந்தையே நம்பியிருக்கிறார்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறி வலுவிழக்கும். குறைந்த கியரில் மெதுவாக இறங்குவதே பாதுகாப்பானது.

சுரங்கப்பாதையில் முன்செல்லும் வாகனத்திலிருந்து போதிய இடைவெளி விட வேண்டும். 1980-இல் திறக்கப்பட்ட கொட்ஹார்ட் சாலைச் சுரங்கப்பாதை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுடையது. 2001 அக்டோபர் 24 அன்று அதனுள் இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்ததில் 11 பேர் உயிரிழந்தனர். சுரங்கத்துக்குள் தீயைவிடப் புகை வேகமாகப் பரவும். ஆகவே, தீ மூண்டால் பொருள்களை எடுக்க நேரம் செலவிடாமல், வாகனத்தை விட்டிறங்கி அவசர வழியை நோக்கி விரைய வேண்டும்.

இரவில் தங்கும்போது

நினைத்த இடத்தில் வாகனத்தை நிறுத்தி உறங்க முடியாது. இதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. எனவே, முகாம் திடலில் முன்பதிவு செய்வது நல்லது. கழிவுநீரை அதற்குரிய இடத்தில் மட்டுமே வெளியேற்ற வேண்டும். ரைன், ரோன் ஆகிய பேராறுகள் இம்மலைகளில்தான் பிறக்கின்றன. இங்கே ஓடையில் கொட்டப்படும் அழுக்கு, கீழே பல ஊர்களைக் கடந்து செல்லும்.

பயணி ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கிப் புறப்பட்டுவிடுவார். அவ்வூர் மக்களோ ஆண்டு முழுவதும் அதே சாலையில் சென்று, அதே ஆற்று நீரைப் பயன்படுத்துகிறார்கள். விதிகளை மதிக்கும் பயணி, தம் குடும்பத்தோடு அவர்களையும் பாதுகாக்கிறார்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. கீழிறங்கும் வாகனமே பின்வாங்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் என்னவாக இருக்கலாம்?
2. நீங்கள் சுற்றுலா செல்லும் ஊரின் மக்களுக்குத் தொல்லை தராதிருக்க எவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்வீர்கள்?